ராயப்பன் கண்ணுக்குக் கட்டிய தகரம்

என் தம்பி நல்லசாமிக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பல்கூட விழவில்லை. அவனிடம் இருப்பது ஒரே ஒரு கோளாறு. அடுத்தவனிடம் ஒரு பொருள் இருந்தால் இவனுக்குச் சோறு இறங்காது.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அம்மா எனக்குத் தலை பின்னினால் தனக்கும் பின்னச் சொல்லி அழுவான். சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்தபோது முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மனை கொடுத்தார்கள். எல்லா மனையும் ஒரே அளவு. இவன் மட்டும் பக்கத்து மனையைக் காலடி வைத்து அளந்துகொண்டே இருந்தான். ஒரே அளவுதான் என்று தெரிந்த பிறகும் விடவில்லை.

"அவனுக்கு மூலை மனைக்கா. காத்து ரெண்டு பக்கம் வரும்" என்றான்.

சுரங்கத்தில் கூட வேலை பார்த்தவர்களில் சிலர் பர்மனென்ட் ஆகி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். இவன் கான்ட்ராக்டிலேயே கிடந்தான். இன்றைக்கும் டவுன்ஷிப் வழியாகப் போனால் ஒவ்வொரு வீட்டு மாமரத்தையும் பார்த்துப் பெருமூச்சு விடுவான். அவன் பெண்டாட்டி தனகோடி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "என்னை இவருக்குப் புடிச்சிதுன்னா கட்டிகினாரு? பக்கத்துத் தெரு பையன் என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போனான்னு கேள்விப்பட்டாரு. மறுநாளே வெத்தலபாக்கோட வந்து குந்திகினாரு."

நான் அவனுக்கு அக்கா. புருஷன் செத்துப் போனான், பிள்ளை இல்லை. தம்பி வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு இருக்கிறேன். மனதில் பட்டதைச் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதனால் என்னைக் கண்டால் அவனுக்குக் கொஞ்சம் பயம்.

எங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரே மலை, சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மண்மேடுதான். அதன் மேல் மரக்கன்று வைக்கிற வேலையை ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். குழி வெட்டுவது, கன்று வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பெண்களான எங்களுக்கு. எங்களையும் தண்ணீர் டிரம்களையும் மேலே ஏற்றுவதற்கு இரண்டு ஜீப் வைத்திருந்தார்கள். ஒன்று நல்லசாமி கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு வாங்கிய பழைய ஜீப். இன்னொன்று ராயப்பனுடையது.

ராயப்பன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அவன் அப்பா அனல் மின் நிலைய வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். மகன் இங்கே பிறந்தும் பேச்சு மட்டும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான். நல்ல பையன். அவன் நல்லவனாக இருந்தது நல்லசாமிக்கு இன்னும் எரிச்சல்.

இரண்டுமே டர்போ வைத்த டீசல் ஜீப்தான். ஆனால் மேட்டில் ஏறும்போது என் தம்பி வண்டி கருப்புப் புகை கக்கிக்கொண்டு முதல் கியரில் முக்கும். ராயப்பன் இரண்டாவது கியரில், வளைவில் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

"ஹாரன் அடிக்கிறான் பாருக்கா. திமிரு."

"வளைவுல எல்லாரும்தான்டா அடிக்கிறாங்க."

"அவன் அடிக்கிற அடி வேற."

இப்படி இருக்கும்போதுதான் சூப்பர்வைசர் சிவசங்கர் ஒருநாள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். பொங்கலோடு நடவு முடிகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்ற ஒரு வண்டி போதும். மாசி பிறந்ததும் ஒருநாள் முழுப் பாரத்தோடு இரண்டும் ஏற வேண்டும். எந்த வண்டி நடுவில் நிற்காமல் ஏறுகிறதோ அதற்குத்தான் வேலை.

நல்லசாமிக்கு அந்த ஜீப்பைத் தவிர வேறு பிழைப்பில்லை. ஆனால் வேலை போய்விடுமே என்று அவன் கலங்கியதாக எனக்குத் தெரியவில்லை. அது ராயப்பனுக்குப் போய்விடுமே என்றுதான் கலங்கினான்.

குள்ளஞ்சாவடி ரோட்டில் ஹபீப் முகமது ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். வாய்க்காரன். தன்னைப் போல் வேலை தெரிந்தவன் கடலூர் வரைக்கும் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான். நல்லசாமி அங்கே போன அன்று நானும் சந்தைக்குப் போகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். ஹபீப் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும்தான் தெரிந்தது.

"ராயப்பன் வண்டில இருக்குறது என் வண்டில இன்னா இல்ல?" என்று அந்தக் காலிடம் கேட்டான் நல்லசாமி.

"இன்டர்கூலர் இல்ல."

"அத்த எனக்கும் வெய்யி."

"அது இன்னான்னு தெரியுமாண்ணே உனக்கு?"

"அவன்கிட்ட இருக்குதுல்ல. அது போதும்."

ஹபீப் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான். அவனுக்கு யாராவது கேட்க வேண்டும். "யக்கா, டர்போ காத்தப் புடிச்சி அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. அமுக்குனா காத்து சூடாயிரும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடுதில்ல, அப்பிடி. சூடான காத்து உப்பிகினு இருக்கும், உள்ள கம்மியாத்தான் போவும். அதே காத்த ஆத்தி உட்டா நெறையப் போவும். டீசலு ஒழுங்கா எரியும், பொகை வராது, வண்டி இழுக்கும். நடுவுல குந்திகினு ஆத்திக் குடுக்குறதுதான் இன்டர்கூலரு. டீ ஆத்துற மாதிரி."

எனக்குப் புரிந்தது. நல்லசாமிக்கு வேறு மாதிரி புரிந்தது. நாலு நாள் கழித்து நெல்லிக்குப்பத்தில் பழைய லாரி உடைக்கிற இடத்துக்குப் போய், கதவு அகலத்துக்கு ஒரு இன்டர்கூலரைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். இரண்டு ஆள் சீட்டை அடைத்துக்கொண்டு வந்ததற்குக் கண்டக்டர் திட்டியதைப் பெருமையாகச் சொன்னான்.

ஹபீப் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"இத்த ரேடியேட்டருக்கு முன்னாடி மாட்டுனா ரேடியேட்டருக்குக் காத்து எங்கேருந்து வரும்? வந்தாலும் இதுல பூந்து சூடாயித்தான் வரும். காத்து ஆறிரும், தண்ணி கொதிச்சிரும். ரோட்டுல பறக்குறவன் வண்டின்னா காத்து தானா வந்து மோதும். நீ ஏறுறது மண்மேடு. நடந்து போற பொம்பள உன்னைத் தாண்டிப் போவுது. அங்க ஃபேனு இழுக்குற காத்துதான் உனக்குக் காத்து. அத்தையும் மறைச்சிட்டு இன்னா பண்ணுவ?"

"ராயப்பனுது இன்னா சைஸு?"

"இதுல கால்வாசி."

"அப்ப இத்தையே வெய்யி."

"அண்ணே, அந்தாளு உன் கண்ணுல ஏறி குந்திகினு இருக்கான். மொதல்ல அவன எறக்கு, அப்பறம் வண்டியப் பாப்போம்."

நல்லசாமி எவ்வளவு பேசியும் ஹபீப் கேட்கவில்லை. அந்த லாரி இன்டர்கூலரைத் திருப்பிக் கொடுக்க வைத்தான். கார் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன இன்டர்கூலரைத் தேடிப் பிடித்தான். அதை ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கவே இல்லை. இடது பக்க ஹெட்லைட்டுக்குக் கீழே, பம்பருக்குப் பின்னால் ஓரமாக உட்கார வைத்தான். அதற்கென்று பம்பரில் ஒரு சந்து வெட்டி, உள்ளே வரும் காற்று வேறெங்கும் போகாமல் இன்டர்கூலருக்கே போகிற மாதிரி தகரத்தால் ஒரு வாய்க்கால் கட்டி, மெதுவாக ஏறும்போதும் காற்றை இழுக்க அதன் பின்னால் ஒரு சின்ன பேட்டரி ஃபேனும் மாட்டினான். டர்போவிலிருந்து அதற்கு ஒரு குழாய், அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய்.

அதோடு விடவில்லை. ரேடியேட்டரையும் கழற்றினான். நிலக்கரித் தூளும் மண்ணும் சேர்ந்து அதன் சந்துகளில் அடைபோல அப்பிக் கிடந்தது. பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினான். ஃபேனைச் சுற்றி இருக்கிற கூடு பாதி உடைந்து போயிருந்தது. "இத்தினி நாளு ஃபேனு ரேடியேட்டர் வழியா இழுக்கல, பக்கத்துல கெடந்த சுடுகாத்தத்தான் இழுத்துகினு இருந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டே புதுத் தகரத்தில் கூடு செய்து மாட்டினான். ரேடியேட்டரின் ஓரமெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டினான், காற்று பக்கவாட்டில் நழுவிப் போகக்கூடாதாம்.

"ராயப்பன் வண்டில ஸ்பாஞ்சு இருக்குதா?"

"அவனுக்குக் கம்பெனிலயே வெச்சிட்டாங்க."

நல்லசாமி முகம் வாடிப் போயிற்று. ஓட்டப் போகிற வண்டியைவிட அந்த ஸ்பாஞ்சுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

முதல் நாள் ஹபீப்பே கூட வந்தான். முன் சீட்டில் நானும் அவனும் நெருக்கி உட்கார்ந்தோம். முழு டிரம், பின்னால் அத்தனை பெண்கள். வண்டி இரண்டாவது கியரில் ஏறிற்று. புகை இல்லை. ஹபீப் என் கண் முன்னால் ஒரு முள்ளைக் காட்டினான். "தண்ணி சூட்டு முள்ளு இது. பாதியிலயே நின்னா நல்லது. தாண்டுச்சின்னா உன் தம்பிய நிறுத்தச் சொல்லு." மேலே போய்ச் சேரும்வரை முள் பாதியைத் தாண்டவில்லை.

இறங்கும்போது நல்லசாமியிடம், "முன்னாடி ஒண்ணும் கட்டாதண்ணே. பூச்சி தூசி வராம கொசுவலை கட்டுற பழக்கத்த உட்டுரு. மூச்சு வுடட்டும்" என்றான்.

அதன் பிறகு சில நாள் என் தம்பிக்குச் சொர்க்கம். அவன் மேலே முதலில் போய், வண்டியைத் திருப்பி நிறுத்தி, ராயப்பன் ஏறி வருவதை வேடிக்கை பார்ப்பான். வீட்டில் தனகோடியைத் திட்டுவது நின்றது. எனக்குச் சந்தையில் ஒரு கவுளி வெற்றிலைகூட வாங்கி வந்தான்.

ஒருநாள் சாயங்காலம் நாங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது ராயப்பன் வந்தான். பம்பருக்கு முன்னால் குந்தி, தலையைச் சாய்த்து, அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அண்ணாச்சி, இத ஓரத்துல வைக்கச் சொன்னது யாரு?"

"தெரில" என்றான் நல்லசாமி. சொந்த வண்டியைப் பற்றி.

அன்று அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"பாத்துட்டான்கா. குந்திப் பாத்துட்டான். கண்ணு பட்டுச்சி."

"இந்த ஜில்லாவுலயே பெரிய கண்ணு உன்னுதுதான்டா. இத்தினி வருசமா நீ பாத்து அவன் வண்டி வெடிக்கல. அவன் ஒரு வாட்டி பாத்து உன்னுது வெடிச்சிருமா?"

"உனக்குத் தெரியாது. நான் எப்பிடிப் பாப்பேன்னு எனக்குத் தெரியும். அப்பிடித்தான் அவனும் பாத்தான்."

மறுநாள் குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு தகரத்தோடு வந்தான். புது வீடு கட்டுகிறவர்கள் வாசலில் மாட்டுவார்களே, திருஷ்டி பூதம், அதுதான். முறம் அளவு. கருப்பு முகம், சிவப்பு நாக்கு, கோரைப் பல், கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை. அதை ஜீப்புக்கு முன்னால், ரேடியேட்டருக்குக் காற்று போகிற கம்பித் தடுப்பின் மேல், கம்பியால் இறுக்கிக் கட்டினான். பம்பரில் ஹபீப் வெட்டின சந்துக்கு ஒரு கருப்புத் துணி. யாரும் எட்டிப் பார்க்கக்கூடாதாம்.

தனகோடி வாசலில் நின்று பார்த்தாள். "வூட்டுக்கு மாட்டுறத வண்டிக்கு மாட்டுறீங்களே."

"வூட்டப் பாத்து எவன் பொறாமைப்படுவான்?"

நான் சொன்னேன். சொல்லாமல் விடவில்லை. "முன்னாடி ஒண்ணும் கட்டாதன்னு ஹபீப் சொன்னான்டா."

"அவன் கொசுவலையச் சொன்னான். இது சாமி சமாச்சாரம்."

அதற்கு அடுத்த நாள்தான் சிவசங்கர் குறித்த நாள். அவர் மேலே போய் நின்றுகொண்டார். கீழே இரண்டு வண்டியிலும் டிரம்களை நிரப்பினோம். பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான். யார் முன்னால் போவது என்று பேச்சு வந்தது.

"நான்தான் முன்னாடி" என்றான் நல்லசாமி.

"போங்க அண்ணாச்சி. எனக்கென்ன" என்றான் ராயப்பன்.

"எனக்கென்னன்றான் பாருக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

முதல் வளைவு வரை நன்றாகத்தான் போயிற்று. அதைத் தாண்டியதும் முள் பாதியைத் தாண்டிற்று. எனக்கு எழுத்து தெரியாது. முள் தெரியும்.

"நிறுத்துடா. முள்ளு ஏறுது."

"பின்னாடி ராயப்பன் வர்றான்."

"வரட்டும். முள்ளு ஏறுதுன்றேன்."

"ஏறுனா ஏறட்டும். அதோ சிவசங்கர் சார் நிக்கிறாரு பாரு, இன்னும் ஒரு வளைவுதான்."

வண்டியின் இழுப்பு குறைந்தது. முதல் கியருக்கு வந்தான். பழையபடி கருப்புப் புகை. பானட் ஓரத்தில் வெள்ளையாக ஆவி எட்டிப் பார்த்தது. பின்னால் இருந்த பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள். இவன் கண் முன்னால் இல்லை, பக்கத்துக் கண்ணாடியில் இருந்தது. அதில் ராயப்பன் வண்டி தெரிந்தது.

இன்ஜின் போனால் அவன் பிழைப்பே போய்விடும். ராயப்பனுக்கு முன்னால் நிற்பதைவிட அது போனாலும் சரி என்று அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டேன்.

"இப்ப நிறுத்தறியா, நான் குதிக்கட்டா? நான் உழுந்து செத்தா கருமாதிக்கு ராயப்பன் வண்டிலதான் ஆளுங்க வருவாங்க, பாத்துக்க."

நிறுத்தினான்.

பெண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். வண்டியின் முன்பக்கம் போனவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் போய்ப் பார்த்தேன். தகரப் பூதத்தின் இரண்டு கண் ஓட்டையிலும் ஆவி வந்துகொண்டிருந்தது. நல்லசாமி ஓடி வந்து பானட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தான். பின்னாலிருந்து ஓடி வந்த ராயப்பன் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"மூடியத் தொடாதிய. தண்ணி பாஞ்சு மூஞ்சி வெந்துரும்."

அப்புறம்தான் ராயப்பன் அந்தத் தகரத்தைப் பார்த்தான். துணியையும் பார்த்தான்.

"இது என்ன அண்ணாச்சி?"

"திருஷ்டி."

"யாரு கண்ணுக்கு?"

நல்லசாமி தரையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். "உன் கண்ணுக்குத்தான் தம்பி."

பெண்களெல்லாம் சிரித்தார்கள். ராயப்பன் சிரிக்கவில்லை. ஒரு குச்சியால் கம்பியை நெம்பிக்கொண்டே சொன்னான்:

"தப்பில்ல. வயிறு எரிஞ்சுதான் கெடந்தேன். என் வண்டில இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னாலயே நிக்கு. வெயில் ஏறிட்டா எனக்கும் முள்ளு ஏறத்தான் செய்யும், பயந்துக்கிட்டேதான் ஓட்டுதேன். உங்களுக்கு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கான், ரேடியேட்டருக்கு ஒரு தடையும் இல்ல. அன்னைக்குப் பாத்துட்டுப் போய் எனக்குத் தூக்கமே வரல. இதப் போயி தகரத்த வச்சு அடைச்சிட்டியளே."

என் தம்பி தலையை நிமிர்த்தினான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"வயிறு எரிஞ்சுதா?" என்று கேட்டான்.

"எரிஞ்சுது."

"நெசமாவா?"

"பின்ன பொய்யா சொல்லுதேன்?"

வண்டி ஆறிய பிறகு, தகரமும் துணியும் இல்லாமல், அதே பாரத்தோடு மேலே ஏறிற்று. முள் பாதியிலேயே நின்றது. சிவசங்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், இப்ப பாத்தீங்கல்ல, இன்னொரு வாட்டி ஏத்திக் காட்டறேன்" என்றான் நல்லசாமி.

"நின்னது நின்னதுதான் நல்லசாமி. ராயப்பன் நின்னது நீங்க வழிய மறிச்சதால. இன்னிக்கி தகரத்தக் கட்டுனீங்க. நாளைக்கி இன்னா கட்டுவீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கன்னுங்க அதுவரைக்கும் தண்ணி இல்லாம நிக்குமா?"

வேலை ராயப்பனுக்குப் போயிற்று.

அன்று வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவன் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். "ராயப்பன் இன்னா சொன்னான்னு தனகோடிகிட்ட சொல்லுக்கா" என்றான். சொன்னேன். "அந்தத் தூக்கம் வராதத உட்டுட்ட" என்றான். அதையும் சொன்னேன். மூலை மனைக்காரன் வந்தபோது மறுபடியும் சொல்ல வைத்தான். தனகோடி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குமே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இந்த வயது வரைக்கும் என்னைப் பார்த்து ஒருத்தியும் தூக்கம் கெட்டதாகச் சொன்னதில்லை.

இப்போது அவன் முந்திரி மூட்டை, பலாப்பழம், கல்யாண சாமான் என்று கிடைத்ததை ஏற்றிப் பண்ருட்டிக்கு ஓட்டுகிறான். சமதளம். வண்டிக்கு ஒரு சிரமமும் இல்லை. வருமானம் முன்னைப் போல இல்லை. நான் ராயப்பன் வண்டியில் மண்மேட்டுக்குப் போய்வருகிறேன். சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் தம்பி ஆரம்பிப்பான்.

"முன் சீட்டுலயா குந்துன?"

"ஆமா."

"பின்னாடி குந்தக் கூடாதா?"

"முட்டி வலிக்குது. முன்னாடிதான் குந்துவேன்."

"முள்ளு எங்க நின்னுச்சி?"

பங்குனி வெயிலில் ராயப்பன் வண்டி முள் பாதியைத் தாண்டத்தான் செய்தது. நான் பொய் சொல்கிறவள் இல்லை. "தாண்டுச்சி" என்பேன். "எவ்ளோ தாண்டுச்சி?" என்பான். விரலால் காட்டுவேன். அன்றைக்கு அவனுக்குக் குழம்பு ருசியாக இருக்கும்.

போன வாரம் அதே மாதிரி கேட்டான்.

"முள்ளு எங்க நின்னுச்சி?"

"பாதியிலயே நின்னுச்சி."

"வெயிலு இல்லியா?"

"மண்டையப் பொளக்குற வெயிலு. ராயப்பன் ஹபீப்புகிட்ட போயி இன்டர்கூலர ஓரமா மாத்திகினான். உன்னுத மாதிரியே. ஸ்பாஞ்சுகூட புதுசு."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தகரத்தோடு வந்தான். ஈரத் துணியால் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி என் பக்கத்தில் வைத்தான்.

"இத்த ராயப்பன்கிட்ட குடுத்துடுக்கா. வண்டி நல்லா இருக்குது, ஊர்க்கண்ணு பட்டுடும். முன்னாடி கட்டிக்கச் சொல்லு. நான் குடுத்தன்னு சொல்லாத."

நான் அதை ராயப்பனிடம் கொடுக்கவில்லை. எங்கள் தண்ணீர் அண்டாவுக்கு மூடி இல்லாமல் இருந்தது. தகரம் அளவாகப் பொருந்துகிறது. முகம் உள்பக்கம் இருக்கிற மாதிரி கவிழ்த்து, கண் ஓட்டைகளின் மேல் சொம்பை வைத்துவிடுகிறேன். நல்லசாமி அந்த அண்டாவுக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

"கட்டிட்டானா?" என்று தினமும் கேட்கிறான்.

"இன்னும் இல்லடா" என்கிறேன்.